நடைபாதை சமமாக ஓட வேண்டும், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும்

நடைபாதை போட்ட தெருக்களிலும் நம் ஊர்களில் மக்கள் தாரில் இறங்கித்தான் நடக்கிறார்கள். பால் வாங்கப் போகும் பெரியவரும், பள்ளிப் பையைச் சுமக்கும் பிள்ளையும், கைக்குழந்தையோடு போகும் தாயும் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் இடையே ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார்கள். கேட்டால், "நம்ம ஜனங்களுக்குப் பிளாட்பாரத்துல நடக்குற பழக்கமே இல்ல" என்று பதில் வரும். பழக்கத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒன்றரை அடி இறங்கி, மறுபடி ஒன்றரை அடி ஏறி, நடுவில் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக்கொண்டு அரை கிலோமீட்டர் போகச் சொன்னால் முழங்கால் வலி இல்லாதவரே சாலையில் இறங்கிவிடுவார்.

2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். நடப்பவருக்கென்று கொள்கை இல்லாமல் இல்லை. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்று தனிக் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் போக வேண்டும் என்பது அதன் இலக்கு. சாலை விதிமுறைகளை வகுக்கும் இந்திய சாலைப் பேராயத்தின் 103-ஆம் எண் வழிகாட்டி நடைபாதை அளவுகளைத் தெளிவாகவே சொல்கிறது. தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், தலைக்கு மேல் 2.2 மீட்டர் வெற்றிடம், சாலையிலிருந்து உயரம் 150 மில்லிமீட்டருக்கு மிகாமல். இந்த 1.8 மீட்டர் காற்றில் வந்த எண் அல்ல. சக்கர நாற்காலி ஒன்றுக்கு 0.9 மீட்டர் வேண்டும், எதிரெதிரே இரண்டு வந்தால் 1.8.

இவ்வளவு எழுதி வைத்தும் தெருவில் காரியம் கெடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். நடைபாதையை நடைபாதையாக நினைத்து யாரும் உயரம் குறிப்பதில்லை. வேறு ஏதோ ஒன்றுக்கு மூடியாகவோ, மிஞ்சிய இடத்தை நிரப்பவோ போடுகிறார்கள்.

சென்னையில் பல தெருக்களில் மழைநீர் வடிகாலின் மூடி ஸ்லாப்தான் நடைபாதை. வடிகாலின் அடிமட்டம் தண்ணீர் ஓடும் சரிவைப் பொறுத்து அமைய வேண்டும். தெரு தட்டையாக இருந்து, போய்ச் சேரும் கால்வாயும் மேடாக இருந்தால், சரிவு கிடைக்க வடிகாலை மேலே தூக்கிக் கட்டிவிடுகிறார்கள். ஸ்லாப் சாலைக்கு மேல் ஒரு அடி, ஒன்றரை அடி உயர்ந்து நிற்கிறது. அதன் மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டால் கணக்கில் நடைபாதை வந்துவிடும். காலில் வராது.

தலைகீழாகவும் நடக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் புதுத் தார் போடும்போது ஒவ்வொரு தடவையும் சாலை 3 முதல் 4 சென்டிமீட்டர் ஏறுகிறது. நான்கைந்து தடவை போட்டால் நடைபாதை ஓரத்தில் நிற்கும் 15 சென்டிமீட்டர் கெர்ப் கல் மண்ணுக்குள் போனது போல் மறைந்துவிடும். பிறகு நடைபாதையை உயர்த்துவார்கள், வீடுகள் பள்ளத்துக்குப் போகும், வீட்டுக்காரர் வாசலில் சிமென்ட் வரம்பு கட்டுவார். சாலையைச் சுரண்டி, பழைய மட்டத்திலேயே போட வேண்டும் என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலாளரிடமிருந்தே உத்தரவு போனது. ஆகவே இப்படிச் சுரண்டாமல், அதாவது மில்லிங் செய்யாமல், தார் லாரி வந்து நின்றால், வேலை தொடங்கும் முன் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. தார் ஆறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

வாசல்தான் உயிர்நிலை

ஒரு குடியிருப்புத் தெருவில் 100 மீட்டருக்குள் ஒரு பக்கம் பத்துப் பன்னிரண்டு கேட்டுகள் வரும். ஒவ்வொரு கேட்டிலும் கார் ஏற வேண்டும் என்பதற்காக நடைபாதையையே அறுத்து, சாலை மட்டத்துக்கு இறக்கிவிடுவதுதான் வழக்கம். இதனால் நடப்பவர் 100 மீட்டரில் பன்னிரண்டு தடவை இறங்கி ஏறுகிறார். சக்கர நாற்காலிக்குச் சரிவு 1-க்கு 12 இருக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம், 45 சென்டிமீட்டருக்கு 5.4 மீட்டர். கேட்டுக்குக் கேட்டு இதை இருபுறமும் கொடுத்தால் தெருவில் சமதளமே மிஞ்சாது.

கார் அப்படியல்ல. 1-க்கு 6 சரிவில் சாதாரணமாக ஏறும். 15 சென்டிமீட்டருக்கு 90 சென்டிமீட்டர் போதும், 10 சென்டிமீட்டருக்கு 60 போதும். எனவே சாய்தளத்தைக் கெர்ப் கல்லை ஒட்டிய ஒரு மீட்டர் பட்டைக்குள்ளேயே முடித்துவிடலாம். கம்பம், பலகை, மரம், குப்பைத் தொட்டி எல்லாம் நிற்கிற அதே பட்டை. அதற்கு உள்ளே இருக்கும் 1.8 மீட்டர் கேட்டுக்கு முன்னாலும் அப்படியே சமமாக ஓடும். வண்டி ஏறி, நடைபாதையைக் கடந்து, வீட்டுக்குள் போகும். ஓட்டுநரின் கண்ணுக்கும் இது நடப்பவர் இடம், நாம் குறுக்கே போகிறோம் என்பது புரியும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் வாதாடி வாங்கினாலே தெரு பாதி சீராகிவிடும்.

கார் உள்ள கேட்டுக்கு 3 மீட்டர் அகலச் சாய்தளம், இருசக்கர வண்டி மட்டும் போகும் கேட்டுக்கு 1.2 மீட்டர் என்று வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். குறிக்காமல் விட்டால் வேலை முடிந்த மறுவாரம் வீட்டுக்காரரே கொத்தனாரை அழைத்து, கெர்ப்புக்கு வெளியே தாரின் மேல் ஒரு சிமென்ட் மேடு போட்டுக்கொள்வார். சாலை ஓரமாக ஓட வேண்டிய மழைநீர் அந்த மேட்டில் முட்டித் தேங்கும். அவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. வண்டியை வீட்டுக்குள் கொண்டுபோக அவருக்கு வேறு வழி விடவில்லை.

அளந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்

எஸ்டிமேட் போடும் முன் தெருவாசிகளின் கையில் மட்டக்கணக்கு இருக்க வேண்டும். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். 15 மீட்டர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், ஒன்றரை மீட்டர் உயர மரச்சட்டம் இரண்டு, சட்டத்தில் ஒட்ட இரண்டு அளவு நாடா. குழாயின் இரு முனைகளையும் சட்டங்களில் கட்டி, முக்கால் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் அளவு பொய் சொல்லும். அதனால் தண்ணீர் ஊற்றிய பின் குழாயை நீளவாக்கில் தட்டித் தட்டிக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே எண் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். நகரும்போது இரண்டு பேரும் கட்டைவிரலால் முனையை அடைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தாழ்ந்த பக்கம் தண்ணீர் சிந்திவிடும்.

அசையாத ஒரு புள்ளியை ஆதாரமாக வையுங்கள். பாலத்தின் கைப்பிடிச் சுவர், கோயில் படி, மின்பெட்டியின் கான்கிரீட் பீடம் எதுவானாலும் சரி. அங்கிருந்து பத்து மீட்டருக்கு ஒரு தடவையும், ஒவ்வொரு கேட்டிலும் மட்டம் எடுக்க வேண்டும். தாழ்ந்த இடத்தில் நாடா அதிக எண் காட்டும். இரண்டு எண்களின் வித்தியாசம்தான் தரையின் உயர வித்தியாசம். ஒரு தாளில் கதவு எண், கேட்டின் அகலம், கேட்டுத் தரை சாலை நடுப்பகுதியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே அல்லது கீழே, முன்னால் என்ன தடை என்று நான்கு கட்டம் போட்டு நிரப்பினால் 100 மீட்டர் தெருவை மூன்று பேர் ஒரு காலையில் முடித்துவிடலாம்.

இந்தத் தாள் எதற்கு என்பதை 40 அடித் தெரு ஒன்றின் கணக்கில் பார்க்கலாம். மொத்தம் 12 மீட்டர். இரண்டு பக்கமும் 1.8 மீட்டர் நடைபாதை, அது 3.6. வண்டிப்பாதை 5.4. ஒரு பக்கம் வண்டி நிறுத்தவும் மரம் வைக்கவும் 2 மீட்டர் பட்டை, மறுபக்கம் கம்பங்களுக்கு 1 மீட்டர் பட்டை. கூட்டினால் 12. இப்போது ஒரு மீட்டர் பட்டை உள்ள பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். வண்டிப்பாதை நடுவிலிருந்து ஓரத்துக்கு 2.5 சதவீதம் சரிந்தால், 2.7 மீட்டரில் ஓரம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். அங்கே 15 சென்டிமீட்டர் கெர்ப் வைத்தால் அதன் தலை சாலை நடுவைவிட 8 சென்டிமீட்டர் உயரம். பட்டையும் நடைபாதையும் சேர்ந்து 2.8 மீட்டர். மழைநீர் சாலைப் பக்கம் வழிய அதற்கு 1-க்கு 50 சரிவு கொடுத்தால் இன்னும் 5.6 சென்டிமீட்டர் ஏறும். ஆக, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நடைபாதை சாலை நடுவுக்கு மேல் 13 முதல் 14 சென்டிமீட்டரில் வந்து நிற்கும்.

உங்கள் தாளில் ஒரு கேட்டு 9 சென்டிமீட்டரில் இருந்தால் அந்த வீட்டுக்குள் தண்ணீர் போகப் போகிறது என்று இப்போதே தெரிந்துவிட்டது. அங்கே 10 சென்டிமீட்டர் கெர்ப் போட்டால் சுவரோரம் 8.6 வரும், பிரச்சினை தீர்ந்தது. சாலை மட்டத்துக்கும் கீழே இருக்கும் கேட்டுகள் இருந்தால், கெர்ப் உயரத்தைக் குறைத்துச் சமாளிக்க முடியாது. சாலையைத்தான் சுரண்டி இறக்க வேண்டும், அல்லது அந்த வாசலுக்கு முன் கம்பி மூடி போட்ட வாய்க்கால் ஒன்று வடிகாலோடு சேர வேண்டும். ஓரமாக நீர் ஓட நீளவாட்டில் மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் சரிவாவது வேண்டும். பத்து மீட்டருக்கு 3 சென்டிமீட்டர்தான். சென்னை போன்ற தட்டை நிலத்தில் இந்த 3 சென்டிமீட்டரைத் தவறவிட்டால் ஐப்பசியில் குட்டை நிற்கும்.

30 அடித் தெருவில் இரண்டு 1.8 போக 5.4 மீட்டர் மிஞ்சும். 3.6 மீட்டர் வண்டிக்கு, 1.8 மீட்டர் நிறுத்தத்துக்கும் மரத்துக்கும். ஒருவழிப் பாதையாக்கினால் நன்றாக நடக்கும். தீயணைப்பு வண்டி நுழைய இடம் வேண்டும் என்பதால் 3.6-ஐக் குறைக்கக் கூடாது. 20 அடித் தெருவில் நடைபாதையே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இரண்டடி அகலத்துக்கு ஒரு திண்டு கட்டினால் அதில் பூந்தொட்டியும் ஸ்கூட்டரும்தான் நிற்கும். முழுத் தெருவிலும் ஒரே மட்டத்தில் பேவர் பிளாக் என்னும் கான்கிரீட் கற்களைப் பதித்து, நுழைவாயிலில் மேடு கொடுத்து, வண்டிகளை நடைவேகத்துக்குக் கொண்டுவருவதே அங்கே சரி.

பேவர் பிளாக் ஏன் ஆடுகிறது

காலை வைத்தால் ஒரு முனை எழும்பி, அடியிலிருந்து சேற்று நீர் பீய்ச்சும் பிளாக்கை எல்லோரும் மிதித்திருப்போம். கல்லில் குறை இருப்பது அபூர்வம். அடியில் நடந்த வேலையில்தான் குறை.

முதல் குற்றவாளி பள்ளம். குடிநீர்க் குழாய்க்கோ கேபிளுக்கோ தோண்டிய பள்ளத்தில் மண்ணை ஒரே தடவையில் தள்ளி மேலே தட்டிவிடுகிறார்கள். 15 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, நீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் இடித்தால்தான் மண் இறுகும். இல்லாவிட்டால் முதல் மழைக்காலத்தில் பள்ளத்தின் வடிவிலேயே பிளாக்குகள் உட்காரும், தோண்டிய கோடு மேலே வரைந்தது போல் தெரியும்.

அடுத்தது மணல் மெத்தை. அடித்தளம் மேடுபள்ளமாக இருந்தால் அதை மணலை வைத்து நிரவுவது கைப்பழக்கமாகிவிட்டது. மணல் ஓரிடத்தில் 2 சென்டிமீட்டர், பக்கத்தில் 7 சென்டிமீட்டர் என்று கிடக்கும். தடித்த இடம் அதிகமாக அமுங்கும். மெத்தை எங்கும் ஒரே கனமாக, 3 சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். அதற்கு அடியில் உள்ள ஜல்லித் தளமே மேலே சொன்ன 1-க்கு 50 சரிவோடு நூல் பிடித்தாற்போல் முடிந்திருக்க வேண்டும். மேஸ்திரி மூன்று மீட்டர் அலுமினியச் சட்டத்தை அந்த ஜல்லித் தளத்தின் மேல் வைத்துப் பார்க்கும்போது அடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி தெரிந்தால், மணல் கொட்டும் முன் அங்கே திருத்தச் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடச் சோதனைதான் பிற்கால ஆட்டத்தை எல்லாம் தடுப்பது.

பிறகு ஓரக்கட்டு. பிளாக்குகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பதால்தான் பலம். இரண்டு ஓரத்திலும் கான்கிரீட்டில் பதித்த கெர்ப் இல்லாவிட்டால் அவை மெல்ல வெளியே நகரும், இணைப்பு விரியும், மணல் கரையும். காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம் ஓரக்கட்டு தேவையில்லை என்று விட்டுவிடுவதை அடிக்கடி காணலாம். சுவருக்கும் பிளாக்குக்கும் நடுவே விட்ட இரண்டங்குல இடைவெளியில் மண் அரித்துப் போய், முழு வரிசையும் சரியும். இணைப்புகள் 2 முதல் 4 மில்லிமீட்டர். அதில் உலர்ந்த நைஸ் மணலைக் கூட்டித் தள்ளி, அதிர்ந்து இறுக்கும் தட்டு இயந்திரமான பிளேட் காம்பாக்டரை ஓட்டி, மறுபடி மணல் கூட்டி, மறுபடி ஓட்ட வேண்டும். ஈர மணல் இணைப்புக்குள் இறங்கவே இறங்காது. சிமென்ட் பால் ஊற்றி அடைப்பது அதைவிட மோசம். கொஞ்ச நாளில் வெடித்துப் பெயரும், அடுத்த தடவை கேபிளுக்குத் திறக்கும்போது பிளாக்கை முழுசாக எடுக்கவும் முடியாது.

100 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம் என்றால் 180 சதுர மீட்டர். 200-க்கு 100 மில்லிமீட்டர் செவ்வகப் பிளாக் சதுர மீட்டருக்கு 50 பிடிக்கும், மொத்தம் 9,000. உடைசலுக்கு நூற்றுக்கு நான்கு ஐந்து சேர்த்துக்கொள்ளலாம். நடக்கும் இடத்தில் 60 மில்லிமீட்டர் கனம் போதும், கேட்டுக்கு முன்னால் கார் கடக்கும் இடத்தில் 80 வேண்டும். இதை எஸ்டிமேட்டில் தனி வரியாக எழுதாவிட்டால் எல்லா இடத்திலும் 60-தான் வரும். ஜல்லித் தளம் இறுகிய நிலையில் 15 சென்டிமீட்டர், அதாவது 27 கனமீட்டர். மெத்தை மணல் 3 சென்டிமீட்டருக்கு 5.4 கனமீட்டர். அமுங்குவதையும் சிந்துவதையும் சேர்த்து ஆறரை கனமீட்டர் இறக்கினால் சரியாக இருக்கும், 100 கன அடி கொண்ட யூனிட் கணக்கில் இரண்டேகாலுக்குச் சற்று மேல். ஜல்லிக்குப் பதில் கான்கிரீட் தளம் போட்டால் அதன் தாழ்ந்த ஓரத்தில் மீட்டருக்கு ஒரு துளையாவது விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இணைப்பு வழியே இறங்கும் மழைநீர் கான்கிரீட்டின் மேல் சிக்கி, மெத்தை மணலைக் குழம்பாக்கி, ஒவ்வொரு காலடிக்கும் வெளியே தள்ளும். அந்தச் சேற்றுப் பீச்சலின் காரணம் பல இடங்களில் இதுவே.

வேலை வரிசையும் முக்கியம். பாதாளச் சாக்கடை, குடிநீர், மின்கேபிள், இணையக் கேபிள் எல்லாம் முடிந்த பிறகே நடைபாதை. பிற்காலத் தேவைக்காகச் சாலைக்குக் குறுக்கே 50 மீட்டருக்கு ஒன்றாக நான்கங்குல அல்லது ஆறங்குல பிவிசி குழாயை வெறுமனே பதித்து, இருமுனையும் மூடி வைத்தால் செலவு சொற்பம். அடுத்த கேபிள்காரர் சாலையை அறுக்கத் தேவையிருக்காது.

கம்பம், மரம், தள்ளுவண்டி, பைக்

மின்கம்பத்தையும், தெருவோர மின்பகிர்வுப் பெட்டியான பில்லர் பெட்டியையும் நகர்த்த மின்வாரியத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதை எஸ்டிமேட்டில் சேர்க்காமல் விட்டால் நடுவில் நின்ற பெட்டி நடுவிலேயே நிற்கும். நகர்த்த முடியாத பெட்டி என்றால் நிறுத்தப் பட்டையை அந்த இடத்தில் விட்டுக்கொடுத்து, நடைபாதையைச் சாலைப் பக்கம் வளைத்துக் கொண்டுபோகலாம். 1.8-ஐக் குறைப்பதைவிட இரண்டு கார் நிறுத்தும் இடத்தை இழப்பது மேல். பார்வையற்றோருக்கான மஞ்சள் டைல்களில் நீளக்கோடு என்றால் போகலாம், புள்ளி என்றால் நில். கோட்டு டைல் நேராகப் போய்க் கம்பத்தில் முடிகிற இடங்கள் நம் ஊர்களில் ஏராளம். அந்தக் கோட்டை நம்பி நடப்பவரின் நெற்றிதான் அதற்கு விலை கொடுக்கிறது. டைல் ஒட்டும் முன் அந்த வரியில் யாராவது கண்ணை மூடிக் கோலோடு நடந்து பார்க்க வேண்டும், முடிந்தால் பார்வையற்ற ஒருவரையே அழைத்து.

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்குக் கான்கிரீட் கூடாது. புது மரத்துக்கு மூன்றடிக்கு மூன்றடி குழி, மேல்மட்டம் நடைபாதையைவிடச் சற்றுத் தாழ்வாக. மழைநீர் அதற்குள் இறங்கும். சுற்றிலும் அழகுக்கு என்று திண்டு கட்டினால் தண்ணீரும் போகாது, வேரும் மேலே வந்து பிளாக்கைத் தூக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் சாய்ந்தவற்றில் குல்மோகர், பெருங்கொன்றை போன்ற வெளிநாட்டு மரங்கள் நிறைய. புங்கை, வேம்பு, பூவரசு, மகிழம் ஆகியவற்றை 6 முதல் 8 மீட்டருக்கு ஒன்று வையுங்கள். சித்திரை வெயிலில் நிழல் இல்லாத நடைபாதை எத்தனை அகலமாக இருந்தாலும் பகலில் காலிதான்.

தள்ளுவண்டிக்காரர்களை அப்புறப்படுத்திவிட்டு நடைபாதை போடுவது சட்டப்படியும் தவறு, நடப்பவருக்கும் நஷ்டம். இரவு ஒன்பது மணிக்குத் தெருவில் விளக்கும் ஆள் நடமாட்டமும் இருப்பது அவர்களால்தான். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் ஒவ்வொரு ஊரிலும் விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் 40 சதவீத உறுப்பினர்கள் வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. இடம் ஒதுக்கும்போது வண்டியின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. வண்டி நாலடி என்றால் வாங்க வருபவர் நிற்க இன்னும் இரண்டடி. அந்த இரண்டடியைக் கணக்கில் விட்டால் நடைபாதைதான் காத்திருக்கும் இடமாகும். 2 மீட்டர் நிறுத்தப் பட்டையில் இரண்டு கார் இடத்தை எடுத்தால் நான்கு வண்டிகள் தாராளமாக நிற்கும். காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். காலை இட்லிக் கடைக்காரரும் மாலை பூக்காரம்மாவும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்வது ஏற்கெனவே தெருவில் நடக்கிற ஏற்பாடு.

நடைபாதையில் பைக் ஏறுவதைத் தடுக்கத் தூண் நட்டால் இடைவெளி 1.2 மீட்டர் இருக்க வேண்டும். அதில் பைக்கும் நுழையும். கைப்பிடி முக்கால் மீட்டர் அகலமே உள்ள வண்டியைத் தடுத்து, சக்கர நாற்காலியை விடும் இடைவெளி என்று ஒன்று கிடையாது. வளைந்து வளைந்து போகும் இரும்புக் கதவு வைத்தால் பைக் நிற்கும், நாற்காலியும் தள்ளுநாற்காலிக் குழந்தையும் சேர்ந்து நிற்கும். பைக் ஏன் ஏறுகிறது என்று பாருங்கள். நடுத்தடுப்பில் திரும்பும் இடம் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும், அல்லது சந்திப்பில் வண்டிகள் அடைத்து நிற்கும். அதைச் சரிசெய்தால் பாதி குறையும்.

பக்கத் தெருக்கள் சேரும் இடங்களிலும் நடைபாதை மட்டத்திலேயே மேடை போட்டு, வண்டியை ஏற்றி இறக்க வேண்டும். மேடையின் மேல்பரப்பு 3 மீட்டராவது இருந்தால்தான் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கடக்க முடியும். இங்கே எல்லோரும் தவறவிடுவது தண்ணீரை. சாலை ஓரமாக ஓடும் மழைநீரை மேடை அணை போல் அடைத்துவிடும். மேடைக்கு மேட்டுப் பக்கத்தில், நீர் வடிகாலுக்குள் இறங்க ஒரு நீர்வாங்கி கட்டாயம், அதற்குள் வண்டல் தங்க ஒரு அடி ஆழக் குழி. மழைக்காலத்துக்கு முன் அதை வாரி எடுக்க எந்தப் பிரிவு பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

எப்போது, யாரிடம்

ஒப்பந்தம் போட்ட பிறகு ஓடினால் "டெண்டர் முடிஞ்சிருச்சு சார்" என்ற பதில்தான் கிடைக்கும். மட்டத்தாளோடு வார்டு உதவிப் பொறியாளரிடம் எஸ்டிமேட் கட்டத்திலேயே போக வேண்டும். 2022 நவம்பர் 1 முதல் தமிழக நகரங்களிலும் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே "எங்கள் தெருவுக்கு நல்ல நடைபாதை வேண்டும்" என்று மனு கொடுத்தால் அது கோப்பில் உறங்கும். "கதவு எண் 14 முதல் 38 வரை கேட்டுகளின் முன் நடைபாதையை அறுக்காமல், 10 சென்டிமீட்டர் கெர்ப்போடு, சாய்தளத்தை ஓரப் பட்டைக்குள் முடிக்க வேண்டும்" என்று எழுதி, இருபது முப்பது வீட்டார் கையெழுத்தோடு தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கையெழுத்தில் வியாபாரிகளும் வாடகைக்குக் குடியிருப்போரும் இருக்கட்டும். வீட்டு உரிமையாளர்கள் மட்டும் கூடிப் பேசினால் பேச்சு கார் நிறுத்தத்திலேயே முடிந்துவிடுகிறது.

பேச்சு இழுத்தால் ஒரு வாரச் சோதனை வைக்கலாம். போக்குவரத்துக் காவலரின் ஒப்புதலோடு, புது ஓரம் வரப்போகும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மணல் மூட்டையும் பழைய டிரம்மும் அடுக்கிப் பாருங்கள். குப்பை லாரி திரும்புகிறதா, பள்ளி விடும் நேரத்தில் ஆட்டோக்கள் எங்கே நிற்கின்றன, ஆம்புலன்ஸ் போகுமா என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். எதிர்த்தவர்களில் சிலர் அந்த வாரத்திலேயே மனம் மாறுவார்கள், சிலர் சொன்ன ஆட்சேபம் நியாயமானது என்பதும் அப்போதுதான் புரியும்.

வேலை நடக்கும்போது தகவல் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். 10 ரூபாய் விண்ணப்பக் கட்டணத்தில் எஸ்டிமேட், ஒப்பந்தம், செய்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகலைக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தச் சட்டத்தில் தகவல் பெறும் உரிமை என்பதற்குள் வேலையை நேரில் பார்வையிடுவதும், போட்ட பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுப்பதும் அடங்கும். 80 மில்லிமீட்டர் பிளாக்குக்குப் பணம் கொடுத்து 60 போட்டிருந்தால், ஒரு ஸ்கேலும் அந்த மாதிரியும் போதும்.

ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எத்தனை மாதம் என்பதையும் அதே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள். அந்தக் காலத்துக்குள் ஒரு வடகிழக்குப் பருவமழை வந்து போகும்படி வேலை முடிந்தால் நல்லது. மழை விட்ட மறுநாள் காலை தெருவை ஒரு தடவை நடந்து, தண்ணீர் தேங்கிய இடம், ஆடும் பிளாக், கரைந்த இணைப்பு எல்லாவற்றையும் கதவு எண்ணோடு படமெடுத்து எழுத்தில் கொடுக்க வேண்டும். சென்னையில் 1913 எண்ணில் பதிந்து புகார் எண் வாங்கிக்கொண்டு, அதே நகலை உதவிப் பொறியாளருக்கும் அனுப்பலாம். காலம் முடியும் முன் கொடுத்த குறைகளை ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், அவருடைய பிடித்தத் தொகை அதுவரை அலுவலகத்தில்தான் இருக்கும்.